மார்க்குக்கு நட்ட கம்பு

பொன்னேரிச் சந்தையில் எல்லம்மாவோடு விலை பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. வாய் அப்படி. கூடையை இறக்கும்போதே எதிரில் நிற்பவரின் மீசையையும் சட்டையையும் கிண்டல் பண்ணி முடித்திருப்பாள். பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த அந்தச் சின்னக் குப்பத்துக்கு நான் ஆரம்பப் பள்ளி டீச்சராகப் போனபோது, திருவள்ளூர் கோயில்காரர் வீட்டுப் பெண் மீன் நாற்றத்தில் ஒரு வாரம் தாங்குமா என்று என் காதுபடப் பந்தயம் கட்டியவள் அவள்தான். தோற்ற பிறகு, கேட்காமலே தினமும் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தவளும் அவள்தான்.

அவள் புருஷன் ரங்கசாமி பேசவே மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசுவாள். பிள்ளை இல்லை. அதைச் சொல்லி யாராவது குத்தினால், "எனக்கு ஆறடில ஒரு புள்ள கீதே, போட்ட சோத்த துன்னுட்டு கம்முனு தூங்குது" என்பாள். அந்த மனுஷர் மேல் அவளுக்கு உயிர். அவர் படகு வர நேரமானால் ஒரு சாக்கை விரித்துக்கொண்டு துறையிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம், தை பிறந்த கையோடு, மெட்ராஸிலிருந்து கட்டடக்கலை படிக்கிற பையன்கள் சிலர் வந்து இறங்கினார்கள். காலில் பெல்பாட்டம், தலையில் கூடைபோல முடி. அந்த வருஷம் அவர்களுக்குக் கட்டடம் இல்லையாம், நிலத்தையே வடிவமைக்க வேண்டுமாம். எங்கே மரம், எங்கே பாதை, எங்கே ஆள் உட்கார இடம், மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அளந்து படம் போட்டு, அட்டையில் மாதிரி செய்து காட்ட வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்த சமயம். அங்கே வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து காற்று வாங்க எங்கள் கரையில் ஒரு தோட்டம் வரைவதாகத் திட்டம். எப்போது கட்டுவார்கள் என்று கேட்டேன். கட்ட மாட்டார்கள் டீச்சர், மார்க்குக்குத்தான் என்றான் அவர்களில் பொறுப்பானவன், ஜகந்நாதன்.

குப்பத்துத் தலைவரான நாட்டார் செங்கல்வராயன் தாராளமாக அளந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படகேறிவிட்டார். எப்படி அளப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. என்ன செய்யக்கூடாது என்று இவர்களும் கேட்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குப்பத்தில் சாவுச் சேதியை வாயால் சொல்ல மாட்டார்கள். ஏரியில் ஒருவர் மூழ்கி உடம்பு கிடைக்கவில்லையென்றால், கூடப் போனவர்கள் சத்தமில்லாமல் திரும்பி, அவர் படகு கட்டுகிற துறையில் தண்ணீருக்குள் ஒரு கம்பை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு மறுபடி தேடப் போய்விடுவார்கள். கம்புதான் சேதி. பார்த்தவர்கள் எப்படி, எப்போது என்று கேட்கக் கூடாது. கேட்டால் இன்னொரு உயிரைக் கூப்பிட்டது போல. உடம்பில்லாத சாவுக்குக் காரியம்வரை காத்திருப்பதும் இல்லை. பொழுது சாய்வதற்குள் கரையிலேயே பெண்டாட்டியின் தாலியைக் கழற்றி வளையலை உடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் கரையேறாமல் தண்ணீரிலேயே அலைவார் என்று நம்பிக்கை.

ஆழம் பார்ப்பதற்காக ஜகந்நாதன் ஒரு சவுக்குக் கம்பைத் தண்ணீருக்குள் நட்டான். தூரத்தில் கருவி வைத்துப் பார்க்கிற பையனுக்குத் தெரிய வேண்டுமே என்று அதன் நுனியில் சிவப்புத் துணியும் கட்டினான். நட்ட இடம் ரங்கசாமியின் துறை. நட்டுவிட்டுச் சாப்பிட என் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். ஆண்கள் எல்லாரும் ஏரியில். பெண்கள் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

தயிர் சாதத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஓலம் கேட்டது. எல்லாருமாக ஓடினோம். கரையில் எல்லம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கூடை கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். ரங்கசாமியின் அத்தை அங்காளம்மாள் கையில் கல்லோடு நின்றாள். எல்லம்மாவின் கழுத்தில் தாலி இல்லை. மணிக்கட்டிலிருந்து ரத்தம் வழிந்தது. மண்ணெல்லாம் வளையல் துண்டு.

"டீச்சர், அது எங்க கம்பு" என்றான் ஜகந்நாதன், என் பக்கத்தில், மிக மெல்ல.

அவன் சொன்னது என் மண்டையில் ஏறுவதற்குள் தண்ணீரில் இறங்கிக் கம்பைப் பிடுங்கிவிட்டான். பெண்களின் ஓலம் பட்டென்று நின்றது. நட்ட கம்பைத் தொட்டவனை அவர்கள் பார்த்ததே இல்லை. அளப்பதற்காகத் தாங்கள்தான் நட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவன் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான்.

எல்லம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அளக்கறதுக்கா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

கட்டப்போகாத ஒரு தோட்டத்துக்காக, மார்க்குக்காக, உயிரோடு இருக்கிற மனுஷருடைய பெண்டாட்டியின் தாலி இறங்கிவிட்டது. அந்தப் பையனை நாலு அறை அறையலாமா என்று வந்தது எனக்கு. கேள்வி கேட்கக்கூடாது என்று விதித்து வைத்திருந்தவர்களையும் சேர்த்து அறைய வேண்டும் போலிருந்தது.

ரங்கசாமியின் படகு வழக்கமான நேரத்துக்கு வந்தது. இறங்கியவர் பெண்டாட்டியின் வெறும் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தன் சாவு வீட்டுக்குத் தானே வந்த மனுஷர் வேறு எப்படி இருப்பார்?

"உசுரோடதாம்மே கீறேன்" என்றார். அவளைத் தொடப் போனவரை அங்காளம்மாள் தடுத்துவிட்டாள். மறுபடி தாலி கட்டும்வரை தொடக்கூடாதாம், வீட்டுக்குள் போகக்கூடாதாம். அன்றைக்கு அவர் படகிலேயே படுத்துக்கொண்டார். விடிந்ததும் அம்மன் கோயிலில் மஞ்சள் கயிற்றைக் கட்டி, கைக்குப் புது வளையல் போட்டார்கள். பையன்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றார் நாட்டார்.

எனக்கென்னவோ சரியானதாகத் தெரியவில்லை. குடம் தினமும் வந்தது, அவள் வாய்தான் வரவில்லை. சந்தையில் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். என்னடி ஆச்சு உனக்கு என்று நானும் பல தடவை கேட்டுப் பார்த்தேன், குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

கோடை விடுமுறைக்கு முன்னால் ஜகந்நாதன் தன் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். பாதை, நிழல் மரம், படிக்கட்டு எல்லாம் அழகாகத்தான் போட்டிருந்தான். ரங்கசாமியின் துறையில் மட்டும் ஒரு கோடுகூட இல்லை. தேர்வன்று அவனுடைய பேராசிரியர் தேவராஜன் அந்த வெள்ளை இடத்தைக் காட்டி ஏன் என்று கேட்டாராம். அது ஒருத்தர் படகு கட்டுகிற இடம் என்றானாம். அப்படியானால் படகுக்கு ஏற்ற மாதிரி வடிவமைத்திருக்க வேண்டும், இது அரைகுறை என்று மார்க்கைக் குறைத்துவிட்டாராம். நன்றாக வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பையன் முகத்தைப் பார்த்ததும் மோர் கொடுத்து அனுப்பினேன்.

நாலு வருஷம் போயிற்று. ஐப்பசிப் புயலில் ஏரிக்குப் போன ரங்கசாமி திரும்பவில்லை. படகு கவிழ்ந்து ஒதுங்கியது, உடம்பு கிடைக்கவில்லை. கூடப் போனவர்கள் துறையில் கம்பு நட்டுவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை அதை நட்டது செங்கல்வராயன். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

எல்லம்மா மண்ணில் புரண்டு அழுதாள். அப்படி ஒருத்தி அழுது நான் பார்த்ததில்லை. பொழுது இறங்கியதும் அங்காளம்மாள் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து குனிந்து அவள் கையைப் பிடித்தாள். எல்லம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இரண்டு கையையும் புடவைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். எல்லாருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

"ஒடைக்காட்டி அவன் தண்ணிலயே அலைவாண்டி" என்றாள் அங்காளம்மாள், அழுதுகொண்டே.

"அலையட்டும் அத்தே. அன்னிக்கு ஒரு கம்பப் பாத்துட்டு, செத்துட்டாருன்னு நம்பி, இந்தக் கைய நானே நீட்னேன். யாரும் புடிச்சி இழுக்கல. அவுரு அங்க எனக்கோசரம் வல போட்டுக்கினு இருந்தாரு. அத நெனச்சி நெனச்சி நாலு வருசமா அவுரு மூஞ்சிய நான் நேரா பாக்கல. திரும்ப நீட்ட மாட்டேன். வெட்டிப் போடுங்க, நீட்ட மாட்டேன்."

பொழுது சாய்ந்தது. அங்காளம்மாள் அவள் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

காரியம் முடிந்து வந்த முதல் சந்தை நாளில், நெற்றியில் குங்குமமும் கை நிறைய வளையலுமாக எல்லம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வழியாகப் போனாள். தெருவே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அவளுக்கு இரண்டடி பின்னால், எவளாவது ஒரு வார்த்தை சொல்லட்டும் பார்க்கிறேன் என்கிற முகத்தோடு, அங்காளம்மாள் போய்க்கொண்டிருந்தாள்.