பந்தை மறுபடி அவளிடமே கொடு

அமலி அக்கா இறந்த செய்தி எதிர்வீட்டு டெலிபோனில் வந்தது. ஆபீசுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். கிட்வாய் நகரிலிருந்து அவருடைய கணவர் பேசினார். "அமலி போயிட்டாம்மா. காலைல காப்பி கேட்டா, போட்டுக் கொண்டு வாரதுக்குள்ள போயிட்டா" என்றார். அக்கா எதற்கும் காத்திருந்தவர் இல்லை, இதற்கும் காத்திருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

எழுபதுகளில் டில்லியில் கூடைப்பந்து பார்த்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஆடப் பழகி, அந்த ஆட்டத்துக்காகவே மத்திய அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்து இங்கே வந்தவர். எங்களைப் போன்றவர்களுக்கு ஆட்டம்தான் உத்தியோகம். பிற்பகல் வரை ஃபைல். அதற்குப் பிறகு கோல் மார்க்கெட் பக்கத்தில் ஒரு சிமெண்ட் மைதானம். ஆட்டம் நின்றுவிட்டால் நாள் முழுக்க நாற்காலிதான். அக்கா ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்த்தால், "என்ன பாக்கீரு, மேல காத்து நல்லா இருக்கு" என்பார்.

முழங்கால் கெட்டு, இனி ஆடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவர் அழுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் நேரே எங்கள் அலுவலகத்து ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி மெஹ்ரா சாரிடம் போய், "பெண்கள் டீமுக்கு நான் கோச்" என்றார். கேட்கவில்லை, சொன்னார். அதுவரை எங்கள் அலுவலகத்தில் பெண் கோச் கிடையாது. மெஹ்ரா சார் கெட்டவர் அல்ல, மேலிடத்துக்குப் பயந்தவர். இந்த சீசனில் அணி ஃபைனலுக்குப் போனால் கோச் பதவி. போகாவிட்டால் மெட்ராஸ் கிளைக்கு மாற்றல், அங்கே நாற்காலி வேலை என்று சொல்லிவிட்டார். மெட்ராஸ் என்றால் ஊருக்குப் பக்கம்தானே, நல்லதுதானே என்று கேட்டேன். "ஏட்டி, ஊருக்குப் போயி ஃபைலைக் கட்டிக்கிட்டு அழவா? கூடை இருக்க எடந்தான் எனக்கு ஊரு" என்றார்.

அவர் எங்களுக்குப் பழக்கியது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து. "பட்டு வந்தா பிடி, யோசிக்காத, திரும்பப் போடு. யோசிக்கவ வீட்ல இருந்து யோசிக்கட்டும்." ஜனவரிக் குளிரில் விரல் மரத்துப்போன பிறகும் இதேதான். எங்களில் கடைசியாகச் சேர்ந்தவள் குல்வந்த் என்ற பஞ்சாபிப் பெண். இந்த வித்தையில் அவளை மிஞ்ச ஆளில்லை. தூக்கத்தில் பந்தைக் கொடுத்தாலும் திரும்பப் போட்டிருப்பாள்.

அரையிறுதியில் அதுதான் வினையாக வந்தது. ஆட்டம் முடிகிற நேரம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். எதிரணிக்காரி எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. குல்வந்த் எல்லாருக்கும் மேலே எழும்பிப் பிடித்தாள். யோசிக்கவில்லை, திரும்பப் போட்டாள். பந்து அழகாக உள்ளே இறங்கியது. அது நாங்கள் காக்க வேண்டிய கூடை. கூடைக்குரிய இரண்டு புள்ளியும் எதிரணிக்குப் போய், நாங்கள் ஒன்று பின்னால் ஆனோம். மைதானமே சிரித்தது.

அக்கா டைம் அவுட் கேட்டார். குல்வந்த் ஜெர்ஸியால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கேப்டன். "அவளை வெளியே எடுங்கக்கா. கடைசி ஷாட்டை நான் எடுக்கறேன்" என்றேன்.

"எதுக்கு எடுக்கணும்? நான் சொல்லிக் குடுத்ததத்தான செஞ்சிருக்கா. பக்கம் மாறிட்டு, அம்புட்டுதான்."

"உங்களை மெட்ராசுக்கு அனுப்பிடுவாங்கக்கா."

"அனுப்பட்டும். அதுக்குப் பயந்து இவளத் தூக்கி வெளிய போட்டா, நான் என்னத்த கோச்சு?"

பிறகு குல்வந்தின் தோளைப் பிடித்து, கடைசிப் பந்து உனக்குத்தான், அந்தப் பக்கத்துக் கூடையில் போடு என்று இந்தியில் சொன்னார். பந்து அவளிடம் போனது. எறிந்தாள். வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. தோற்றோம்.

இன்றும் சொல்கிறேன், நான் எறிந்திருந்தால் உள்ளே போயிருக்கும். இதைச் சொல்லி அக்காவிடம் எத்தனையோ வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். "போயிருக்கும்டி, யாரு இல்லன்னா" என்பார். அதற்கு மேல் ஒரு அங்குலம் இறங்கி வரமாட்டார்.

மறுநாள் மாலை, மாற்றல் உத்தரவைப் பற்றிச் சொல்ல மெஹ்ரா சார் மைதானத்துக்கே வந்தார். குல்வந்த் இனி வரமாட்டாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம்; அத்தனை பேர் சிரித்த பிறகு எவள் வருவாள்? அவளோ எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து, தனியாக எறிந்துகொண்டிருந்தாள். அக்கா கெட்ட முழங்காலோடு ஓடி ஓடிப் பந்தைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மெஹ்ரா சார் வந்த விஷயத்தைச் சொல்லாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "அச்சா மேடம், அடுத்த சீசனும் பாருங்கள்" என்றார். வேறொருத்தியாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். அக்கா, "அப்படின்னா புதுப் பந்து வாங்கிக் கொடுங்க சார், இது வழுக்குது" என்றார். அடுத்த சீசனில் கோப்பை வந்தது. சாகும்வரை அந்த அணிக்கு அவர்தான் கோச்.

அடக்கம் முடிந்த அதே வாரம் அணிக்கு ஒரு ஆட்டம். தள்ளிவைக்கலாமா என்று கேட்டார்கள். தள்ளிவைத்திருந்தால் அக்கா எழுந்து வந்து உதைத்திருப்பார். பெஞ்சில் அவர் இடத்தில் என்னை உட்காரச் சொன்னார்கள். முடிகிற நேரத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, கையில் இருந்த பந்தை நேராக எதிரணிக்காரியிடமே கொடுத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை வெளியே எடுக்கக் கையைத் தூக்கிவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையை இறக்கினேன். அடுத்த பந்தையும் அவளிடமே கொடுக்கச் சொன்னேன். உள்ளே போனதா என்று என்னைக் கேட்காதீர்கள். இத்தனை வருஷம் அக்காவோடு போட்ட சண்டையில் அன்றைக்கு நான் தோற்றேன். அவர் எனக்கு விட்டுப் போனது அந்தத் தோல்விதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.