சரிபார்க்க அழைத்தேன்

தெலுங்கு பேசும் குகட்பள்ளியில், எங்கள் காலனியிலேயே காந்த சிகிச்சை செய்பவர் ஒருவர் இருக்கிறார். கால் எரிச்சலுக்காக அவரிடம் போன அம்மா, அவர் பேச்சைக் கேட்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள். தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மாலை நானும் கூடப் போனேன்.

சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் தொங்கியது. கேள்விப்படாத ஏதோ சர்வதேசப் பல்கலைக்கழகம், தங்க நிற முத்திரை. அடியில், சான்றிதழைச் சரிபார்க்க அழைக்கவும் என்று ஒரு மொபைல் எண். பல்கலைக்கழகத்துக்கு மொபைல் எண்ணா? அவர் அம்மாவின் பாதத்தில் காந்தத்தை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதே அழைத்தேன். அவர் மேஜைமேல் இருந்த போன் அடித்தது.

மனிதர் அசரவே இல்லை. போனை எடுத்து, என் முகத்தைப் பார்த்தபடியே, "சொல்லுங்க சார்" என்றார்.

வெளியே வந்ததும் அம்மாவிடம் கத்தினேன். "பார்த்தியா? அவனுக்கு அவனே சர்டிபிகேட் குடுத்துக்கிட்டிருக்கான்!"

"பாவம், ஆள் வச்சுக்க வசதியில்ல போல, போனைக்கூட அவரே எடுக்கிறார்" என்றாள் அம்மா. "உன் ஆஸ்பத்திரி டாக்டர் தெலுங்குல உன்கிட்ட பேசுறார். அதுல பாதியைத்தான் நீ எனக்குச் சொல்ற. இவர் எங்கிட்டயே தமிழ்ல கேக்குறார்டா, எங்க எரியுதும்மான்னு."

மறுநாள் காலை மாத்திரையை அவள் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டாள். வாயில் போடவில்லை.

"எதுக்கும் அவரை ஒரு வார்த்தை கேட்டுடு" என்றாள். "நம்பர்தான் உன் போன்ல இருக்கே."