பெண் பார்க்க வந்தவர்கள் துக்கம் கேட்ட நாள்

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாரையோ விட்டுவிட்டேனோ என்று எனக்கே தூக்கம் வராது. அப்பா, அம்மா, அத்தை, நான். சினிமாக் கம்பெனி ஆட்கள் ஐம்பது பேர் போல. அழுவதற்கென்று லாரியில் வந்து இறங்கிய பெண்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். பறை அடிப்பவர்கள் நாலு பேர். வாசல் பந்தலில், நெற்றியில் காசு ஒட்டிக்கொண்டு பெஞ்சில் படுத்திருந்தவர் ஒருவர்; அவரை இருந்தவர் கணக்கில் சேர்ப்பதா என்பதில் எனக்கு இன்னும் குழப்பம். பிறகு, வரக் கூடாத நேரத்தில் வந்து சேர்ந்த மன்னார்குடிக்காரர்கள் மூன்று பேர்.

வீடு குத்தாலத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையை ஒட்டி. அப்பாவின் தாத்தா முப்பது வேலி நிலம் இருந்த தைரியத்தில் கட்டியது. நிலம் போயிற்று, தைரியமும் போயிற்று, வீடு மட்டும் நின்றது. கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காத தேக்குத் தூண்கள், இரண்டு முற்றம், மழை பெய்தால் பதினாறு இடத்தில் ஒழுகும் கூரை. பங்காளிகளெல்லாம் பட்டணம் போய்விட, பின்கட்டில் நாங்கள் நாலு பேர்தான். முன்கட்டைச் சினிமாவுக்கு விட்டு, அந்த வாடகையில் ஐப்பசிக்குள் ஓடு மாற்றுவது அப்பாவின் ஏற்பாடு.

முதல் படத்தில் எங்கள் வீடு ஜமீன் பங்களா. இரண்டாவதில் கோர்ட்டு. அதற்காகத் தூண்களுக்கு அவர்கள் அடித்த பச்சைப் பெயிண்ட், அடுத்த கம்பெனி வந்து கறுப்படிக்கும் வரையில் அப்படியே இருந்தது. கறுப்படித்தது பேய்ப் படத்துக்கு. அந்தப் படம் நன்றாக ஓடியதுதான் வினை. அத்தையைப் பெண் கேட்டிருந்த கும்பகோணத்துக்காரர்கள், தியேட்டரில் எங்கள் மாடிப்படியைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுப் பெண்ணே வேண்டாம் என்று தரகரிடம் சொல்லியனுப்பிவிட்டார்கள். படியில் வெள்ளைப் புடவையோடு இறங்கி வந்தவள் யாரோ நடிகை. கல்யாணம் நின்றுபோனது அத்தைக்கு.

அத்தைக்கு அப்போது இருபத்தெட்டு முடியப் போகிறது. எனக்கு ஒன்பது. அத்தைக்குக் கல்யாணமே ஆகாமல் போய்விடுமோ என்று நான் பட்ட கவலையை அத்தைகூடப் பட்டிருக்க மாட்டாள். பள்ளிக்கூடத்தை நான் எட்டாவதோடு விட்டுவிட்டேன். ஆனால் பூனை எந்தப் பக்கம் போனால் ஆகாது, எதிரே யார் வந்தால் ஆகாது என்பதையெல்லாம் அதற்கு வெகு முன்பே படித்து முடித்திருந்தேன்.

அப்புறம்தான் மன்னார்குடி வரன் வந்தது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகக் கடிதம். அதே வாரம் நாலாவது கம்பெனி வந்து இறங்கியிருந்தது. புதன்கிழமையே முடித்துக் கிளம்பிவிடுவோம் என்று சொன்னவர்கள், கதாநாயகர் தாமதமாக வந்ததால் கடைசி சீனை வெள்ளிக்குத் தள்ளிவிட்டார்கள். இராகு காலம் கழித்து மதியத்துக்கு மேல்தானே பெண் பார்க்க வருவார்கள், அதற்குள் முடிந்துவிடும் என்று அப்பாவும் தலையாட்டிவிட்டார். என்ன சீன் என்று கேட்டதற்குக் குடும்ப சீன் என்றார் மேனேஜர்.

வெள்ளிக்கிழமை எழுந்து வந்து பார்த்தால் வாசலில் பந்தல், பறை, சங்கு, பெஞ்சில் ஆள். அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"குடும்ப சீன்னுதானே தம்பி சொன்னீங்க?" என்றார் அப்பா.

"குடும்பமே உக்காந்து அழுவுது. இது குடும்ப சீன் இல்லாம என்னங்க சார்?" என்றார் மேனேஜர்.

மன்னார்குடிக்காரர்கள் அப்பாவைவிட இராகு காலத்துக்குப் பயந்தவர்கள். அது கழியும்வரை காத்திருப்பதைவிட அதற்கு முன்னாலேயே போய்விடலாம் என்று இருட்டோடு கிளம்பிவிட்டார்கள். காலைப் பலகாரம்கூட முடியவில்லை, தெருமுனையில் ஓர் அம்பாசடர் கார் வந்து நின்றது. முன்சீட்டில் தாம்பாளம் நிறையப் பூவும் பழமும். நான்தான் முதலில் பார்த்தேன். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா, வந்தவர்களைத் தெருவிலேயே நிறுத்திவிட நினைத்து, வாயில் பேச்சு வராமல், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டு ஆண்கள் வாசலில் நின்று அப்படித்தான் கை நீட்டுவார்கள். துக்கத்துக்கு வருகிறவர் அந்தக் கையைத் தொட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய் உட்கார வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா முறை தெரிந்த மனிதர். அப்பாவின் கைகளைத் தொட்டார், தலையைக் குனிந்துகொண்டார், போய் உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் தொட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கேமராவை எதிர்வீட்டு மாடியில் வைத்திருந்ததால் கீழே இருந்தவர்கள் கண்ணுக்கு அது படவில்லை. அங்கிருந்து டைரக்டர் துண்டை வீச, பறை முழங்கியது. அப்பா சொல்ல வந்தது அதில் அமுங்கிப்போயிற்று.

"செத்தது யாருப்பா?" என்று மாப்பிள்ளை கிசுகிசுத்தது தூணோரம் நின்ற எனக்குக் கேட்டது.

"வாய மூடுறா. அதெல்லாம் இங்க கேக்கக் கூடாது."

மாப்பிள்ளையின் அம்மா யாரையும் பார்க்கவில்லை. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் பெண்கள் வட்டத்துக்குப் போனார். இரண்டு பேர் தோளில் கைபோட்டுத் தலையோடு தலை சேர்த்து ஒப்பாரி எடுத்தார் பாருங்கள், "பூவும் பழமும் கொண்டாந்தேனே, பொழுதுக்குள்ள போயிட்டியே" என்று. லாரியில் வந்த பெண்கள் ஒரு நிமிடம் தங்கள் அழுகையை மறந்து அவரையே பார்த்தார்கள். பிறகு வேகம் பிடித்துக்கொண்டது. அவர்களெல்லாம் கூலிக்கு அழுதார்கள். நான் நிஜமாகவே அழுதேன். மன்னார்குடியும் போயிற்று, அத்தை இனி பின்கட்டிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று.

அப்போது வட்டத்தில் இருந்த ஒரு பெண் தலைசுற்றி, மாப்பிள்ளையின் அம்மா மடியில் சரிந்தாள். வந்திருப்பது யார் என்றே தெரியாமல், சாயம் போன நூல் புடவையும் அள்ளிச் செருகிய கொண்டையுமாக, கையில் மோர்ச் செம்போடு அத்தை உள்ளேயிருந்து விரைந்து வந்தாள்.

"பிரேம்ல யாருங்க அது?" என்று மாடியிலிருந்து சத்தம் வந்தது.

"பிரேமு கெடக்கட்டும். விடியக்காலைலேருந்து அழுவுறாங்க, ஒரு வாய் காப்பி குடுத்தீங்களா? நெசமாவே ஒருத்தர் போயிடப் போறாங்க."

சரிந்த பெண்ணுக்கு மோரைப் புகட்டிவிட்டு, மிச்சத்தை மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீட்டினாள். "நீங்களும் குடிங்கக்கா. இந்த வெயில்ல பட்ட வேற கட்டிவுட்டு அழ வச்சிருக்காங்க பாருங்க."

அவர் வாங்கிக் குடித்தார்.

இதற்குள் பெஞ்சில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "தம்பி, மாலைல எறும்பு" என்றார். மாப்பிள்ளையின் அப்பா துள்ளி எழுந்து மகனைக் கட்டிக்கொண்டார். அப்பாவுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "சினிமாங்க, வெறும் சினிமாங்க" என்று ஆளாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான்.

"சினிமாவோ நெசமோ, பொணத்தப் பாத்த கண்ணால பொண்ணப் பாக்கறதா? ஏறுங்க வண்டில" என்றார் அவர் அப்பா.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணத்தான் பாத்தாச்சே. காவேரில ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்க. இராகு காலம் கழிஞ்சதும் தட்ட மாத்திக்கலாம்."

ஆண்கள் காவிரிக்குப் போனார்கள். பிணமாகப் படுத்திருந்தவரும் கூடவே போய்க் குளித்துவிட்டு வந்து, பந்தியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

எல்லாம் தூண் மறைவில் நான் தெருப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்ட தேங்காயின் மகிமை என்றுதான் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கும் கல்யாணமான பிறகு ஒருநாள், அன்றைக்குப் பயமாக இல்லையா என்று அத்தையின் மாமியாரிடம் கேட்டேன்.

"என்ன பயம்? கார்லேருந்து எறங்கறப்பவே பாத்துட்டேன், அழுவுற பொம்பளைக்கு ஒருத்தன் பவுடர் பூசிக்கிட்டிருந்தான்."

"பின்ன ஏன் அப்படி அழுதீங்க?"

"சீவி முடிச்சு உக்கார வச்சா எல்லாப் பொண்ணும் லட்சுமிதான். சாவு வீட்டுல எவ என்ன செய்யறான்னு பாத்தாத்தான் ஆளு தெரியும். உள்ள போயி உக்காராம எப்படிப் பாக்கறது?"

மாமியாருக்கும் மருமகளுக்கும் இத்தனை வருஷத்தில் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. மன்னார்குடி அம்மாளின் வருத்தமெல்லாம் டைரக்டர் மேல்தான். அன்று அந்த அம்மாளை இன்னொரு தரம் தனியாக அழச் சொல்லிக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்தார்களாம். பேட்டா தருவதாக மேனேஜர் வாயாரச் சொன்னாராம். சம்பந்தி வீட்டில் வைத்துக் கேட்கக் கூசி இவர் விட்டுவிட்டாராம். நூற்றைம்பது ரூபாய், இன்னும் வரவில்லை.