உறைபனி வழியே அக்கா வீட்டுக்கு

அக்காவை அவள் புருஷன் அடித்துப் போட்டிருக்கிறான் என்று மரக்கறி லொறிக்காரர் ஒருவர் வந்து சொன்னார். தைப்பொங்கல் முடிந்த கையோடு வந்த செய்தி அது. அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது ஒஹியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். நாங்கள் இருந்தது பெலிஹுல்ஓயாவுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் கடைசி டிவிஷனில். இரண்டுக்கும் நடுவில் ஹோட்டன் சமவெளி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதைப் பத்தனை என்பார்கள்.

அம்மா அப்போது உயிரோடு இல்லை. வீட்டில் அப்பாவும் இளைய மகள் நானும்தான்.

"காலையில போயி கூட்டிக்கிட்டு வந்துருவோம்" என்றார் அப்பா.

ரோட்டு வழியாகப் போனால் பஸ் பிடித்து ஹப்புத்தளை போக வேண்டும், அங்கிருந்து ரயில். வழியெல்லாம் செக் பாயிண்ட். அப்பாவிடம் அடையாள அட்டை கிடையாது. பிறந்த பதிவே இல்லாதவருக்கு அட்டை யார் கொடுப்பார்கள்? யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அட்டையில்லாமல் பிடிபட்ட தமிழ் ஆள் எப்போது வீடு திரும்புவான் என்று சொல்ல முடியாது. அதனால் மலையேறி நடந்தே போவது என்று முடிவானது.

விடியுமுன் கிளம்பினோம். காட்டுப்பாதை செங்குத்து. அப்பா முன்னால் டோர்ச் அடித்துக்கொண்டு போனார். மேலே ஏறி வந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. எனக்குக் கால் நின்றுபோனது. புல்வெளி முழுக்க வெள்ளை. ஒவ்வொரு புல்லின் மேலும் உப்புப் பூத்த மாதிரி உறைபனி. தையில் பத்தனையில் பனி கட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அழகாகத்தான் இருந்தது. அக்கா எந்த நிலைமையில் கிடக்கிறாளோ என்ற நினைப்பில் அதை அழகு என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது.

புல்லில் கால் வைத்தேன். அடியில் கறுப்புச் சேறு, பாதம் உள்ளே போனது. ரப்பர் செருப்பை அப்பா குனிந்து பிடுங்கிக் கொடுத்தார். "பாதையிலயே வா" என்றார்.

பாதை உல்லாசப் பயணிகளுக்காகப் போட்டது. சரளை கொட்டி, மேடான இடங்களில் மரக்கட்டை பதித்துப் படி வைத்திருந்தார்கள். ஓடைகளுக்குக் குறுக்கே பலகைப் பாலம். அந்தப் பலகைகளிலும் பனி கட்டியிருந்தது. இரண்டாவது பாலத்தில் அப்பாவுக்குச் சறுக்கிவிட்டது. முழங்கால் பலகை விளிம்பில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. தூக்கப் போனபோது அவர் விரல்கள் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தன. என் கைக்குள் வைத்துத் தேய்த்தேன்.

"திரும்பிப் போவோமா அப்பா?"

"பாதி வழி வந்தாச்சு" என்றார். கம்பளியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நொண்டியபடி நடந்தார்.

எதிரே ஒரு வெள்ளைக்காரச் சோடி வந்தது. தடித்த கோட்டு, கையுறை, ஆளுக்கொரு கைத்தடி. பனியைப் பார்க்க வந்தவர்கள். அந்தப் பெண் கமராவைக் காட்டிச் சிரித்தாள். அப்பா நின்றார். கம்பளியைத் தலையிலிருந்து எடுத்து, தன் கோட்டுப் பித்தானைப் போட்டு, நேராக நிமிர்ந்து நின்றார். எனக்கு அழுகை வந்தது. எங்கள் முகத்தைப் பார்த்து அவர்களுக்கு என்ன புரிந்திருக்கும்?

வெயில் ஏற ஏறப் புல் கறுத்து நனைந்தது. காட்டிலாகாக்காரர் ஒருவர் மறித்து, "கொஹெத யன்னே?" என்று எங்கே போகிறோம் எனக் கேட்டார். அக்காவுக்குச் சுகமில்லை என்று நான் சிங்களத்திலேயே சொன்னேன். அப்பாவின் காலைப் பார்த்தவர், வேறெதுவும் கேட்காமல் ஒஹியாவுக்கு இறங்கும் வழியைக் காட்டிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா படுக்கையில் இல்லை. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. எங்களைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டு வந்தாள்.

"இந்தக் குளிருல என்னத்துக்கு வந்தீங்க?"

"துணிமணிய எடுத்துக்க. போவோம்" என்றார் அப்பா.

லயத்தில் மச்சான் இருந்தார். "வாங்க மாமா, உக்காருங்க" என்று பாய் விரித்து, தானே தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா தேத்தண்ணியைத் தொடவில்லை. எனக்கு அவ்வளவு குளிர், நான் குடித்துவிட்டேன்.

தண்ணீர்ப் பீலிப் பக்கம் முகம் கழுவப் போன அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"நான் வரலன்னு அப்பாகிட்ட நீயே சொல்லிரு."

"ஏன்க்கா? இவ்வளவு அடிக்கிறாரே."

"நான் வந்து அங்க உக்காந்தா ஒன்ன எவன் வந்து கேப்பான்? மொதல்ல ஒனக்கு ஒரு வழி ஆகட்டும்."

எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றேன். அவள் என் காதோரம் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டு, "குடிச்சாதான் இப்படி. மத்த நேரம் நல்லவருதான்" என்றாள். தனக்கே சொல்லிக்கொள்வது போல இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் அக்காவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். பிறகு மச்சானிடம், "புள்ள மேல கை வைக்காதீங்க" என்றார். குரல் கெஞ்சலாக வந்தது. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன். மச்சான் தலையை ஆட்டினார்.

திரும்பும்போது பத்தனையில் மூட்டம் இறங்கியிருந்தது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அந்த முழங்கால் பிறகு சரியாகவில்லை. மலை வேலையை விட்டு, தேயிலைக்கு அடிக்கும் மருந்து கலக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போனார். அடுத்த வருஷம் பலாங்கொடைப் பக்கம் எனக்குக் கல்யாணமானது. அக்கா புருஷனோடு வந்தாள், எல்லோரையும் சிரிக்க வைத்தாள். முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். இனிமேல் நீ வந்துவிடலாமே என்று அன்றைக்குக் கேட்டேன். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. "இனி எங்க வர்றது?" என்றாள்.

மச்சான் பிறகு கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். முதலில் மாதம் ஒருமுறை வந்தார், அப்புறம் வரவேயில்லை. அடி நின்றது. அக்கா அதே லயத்துக் காம்பராவில் இருந்து இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துவிட்டாள். போகும்போதெல்லாம் மரக்கறி விலையும் பிள்ளைகளின் படிப்பும்தான் பேசுகிறோம். அவள் அன்றைக்கு எங்களோடு வராதது எனக்காக மட்டும்தானா என்று இதுவரை கேட்கவில்லை. கேட்டால், ஒனக்காக இல்லை என்றுதான் சொல்வாள்.