இருளாயி முகம் டிவியில் தெரிந்தால்

கோல்கீப்பர் வேலை பொல்லாத வேலை. மற்ற இடங்களுக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் ஆளை மாற்றிப் பார்ப்பார்கள். கோல்கீப்பரை மட்டும் கையோ காலோ போனால்தான் மாற்றுவார்கள். வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பிறந்த இருளாயி, இந்தியப் பெண்கள் அணியின் இரண்டாவது கோல்கீப்பராக மூன்று வருஷம் பெஞ்சைத் தேய்த்தாள். ஆட்டத்துக்கு முன்னால் முதல் கீப்பரான மணிப்பூர் அக்காவுக்குப் பந்து அடித்துப் பழக்கிவிடுவாள். அப்புறம் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒரு நிமிஷம்கூட ஆடியதில்லை.

ஊருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? அவள் அண்ணன் தங்கப்பாண்டியின் டீக்கடையில் டிவி ஓடும். கேமரா போகிற போக்கில் பெஞ்சைக் காட்டி, அவள் முகம் மின்னி மறைந்தால் போதும், கடை வாசலில் சரவெடி. முக்கு ரோட்டில் ஆளுயர ஃப்ளெக்ஸ் வேறு.

“நான் வெளையாடவே இல்லியேண்ணே, எதுக்கு வெடி?” என்று போனில் அழமாட்டாத குறையாகக் கேட்பாள்.

“அங்க உக்காந்திருக்கேல்ல, அது போதாதா?” என்பான் அவன்.

அவளுக்குக் கூச்சமாகவும் இருக்கும், கண்ணும் கலங்கும். பள்ளிக்கூடக் காலத்தில் கடையை அம்மா சின்னத்தாயிடம் விட்டுவிட்டு, விடியுமுன் அவளை பைக்கில் ஏற்றி, மதுரைத் தல்லாகுளம் தாண்டி மைதானத்தில் கொண்டுபோய் விட்டவன் இந்த அண்ணன்தான். ஒரு நாளாவது இறங்கி ஆடி, இந்த ஜனங்கள் வெடித்த வெடிக்கு நியாயம் செய்துவிட வேண்டும். அவள் வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

அந்த நாளும் வந்தது. ஆட்டம் சமநிலையில் இருக்க, கடைசி இருபது நிமிஷம் இருக்கையில் மணிப்பூர் அக்காவுக்குத் தோள் விலகியது. இருளாயி இறங்கினாள். பாய்ந்து இரண்டு பந்தைத் தடுத்தாள். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் சும்மா உருண்டு வந்த ஒரு பந்து, குழந்தைகூடப் பிடித்திருக்கும், அவள் கை நழுவிக் கோலுக்குள் போய்விட்டது. கேமரா அவள் முகத்தையே காட்டிக்கொண்டு நின்றது.

இந்தியா தோற்றது. இருளாயி போனை அணைத்து வைத்தாள். அணியின் பயிற்சி கேம்ப்புக்கு இனி வரவில்லை என்று சொல்லிவிடுவதென முடிவு கட்டிக்கொண்டு மதுரைக்கு ரயிலேறினாள்.

கேம்ப்பில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஸ்டேஷனில் அண்ணன் பைக்கோடு நின்றான். பாதி வழி வந்ததும் அவள்தான் கேட்டாள்.

“ஊர்ல என்னண்ணே சொல்றாக?”

“ஒண்ணு சொல்றேன், வையாத. நீ எறங்குனப்ப எல்லாரும் வாயப் பொளந்து நின்னுட்டோம், வெடி ஞாபகமே இல்ல. கோல் விழுந்ததும் ஒம் மூஞ்சிய அம்புட்டுப் பெருசாக் காட்டுனாய்ங்களா, பயலுக பழக்கதோஷத்துல பத்த வச்சுட்டாய்ங்க.”

“கோல் விழுந்ததுக்கா?”

“பத்தாயிரம்வாலா புள்ள. ஆரம்பிச்சா நிறுத்த முடியுமா? பொக அடங்கிப் பாத்தா மேட்ச்சே முடிஞ்சிருச்சு.”

இருளாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பைக்கை ஓரங்கட்டச் சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் எடுத்த முடிவு முடிவாகவே இருந்தது.

வீட்டில் சின்னத்தாய் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மகள் சொல்ல வாயெடுக்குமுன் அவளே ஆரம்பித்தாள்.

“ஏத்தா, முழங்கை செராய்ப்பு ஆறிருச்சா? மூணு வருசமா மேட்ச்சுக்கு ரெண்டு மணி நேரம் கண்ணு கொட்டாம உக்காந்து பாப்பேன். ஒன்னைய ஒரு கொட்டாவி விடுற நேரந்தான் காட்டுவாய்ங்க. அன்னிக்கு இருபது நிமிசம் முழுசாப் பாத்தேன். எம்புட்டு மெலிஞ்சிட்ட! இனி எப்பத்தா அப்பிடிக் காட்டுவாக?”

இருளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“திங்கக்கிழமை கேம்ப்புக்குப் போறேம்மா.”