முப்பது, நாற்பது, ஐம்பது

அனுசியா பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் தடவை வாங்கியது இருபத்தொன்பது. ஜூன் மாதம் மறுபடி எழுதியதில் முப்பத்தொன்று. தேறுவதற்கு இன்னும் நான்கு வேண்டியிருந்தது. மற்ற பாடங்களில் ஒரு குறையும் இல்லை. சமூக அறிவியலில் வகுப்பிலேயே இரண்டாவது. கணக்கில்தான், அதுவும் எக்ஸ் என்ற எழுத்தைப் பார்த்தாலே, அவளுக்குக் கை குளிர்ந்துவிடும். மூன்றாவது தடவை எழுத அப்பா விண்ணப்பம் வாங்கித் தரவில்லை. அவளைப் பத்தொன்பது வயதில், பந்தல்குடியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த செல்லப்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார். மகள் நடக்கப் பழகியதும் அனுசியா மாரிச்சாமி மேஸ்திரியிடம் சித்தாள் வேலைக்குச் சேர்ந்தாள்.

பதினான்கு வருஷம் கலவை சுமந்தாள். பரளச்சியிலும் திருச்சுழியிலும் அருப்புக்கோட்டைக்கு வெளியே புதிதாக முளைத்த நகர்களிலும் அவள் சட்டி தூக்காத தெரு குறைவு.

திருச்சுழியில் முனீஸ்வரன் என்பவர் வீடு கட்டினார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பதுக்கு நாற்பது அடி வீடு. அன்று காலையில் மேஸ்திரி நான்கு முளைக்குச்சி அடித்து நூல் கட்டிவிட்டார். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஜேசிபி பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. நூலை ஒட்டிச் சுண்ணாம்புத் தூள் போடுவது அனுசியாவின் வேலை. கரிசல் மண்ணில் வெள்ளைக்கோடு பளிச்சென்று விழுந்துகொண்டே வந்தது. மூன்றாவது மூலையில் திரும்பும்போது அவளுக்கு என்னவோ உறுத்தியது. மூலை கொஞ்சம் வாய் பிளந்தாற்போல இருந்தது.

எழுந்து நின்று மொத்தத்தையும் பார்த்தாள். முப்பதடி ஒரு பக்கம், நாற்பதடி ஒரு பக்கம், நடுவில் எதிர்மூலைக்கு ஒரு குறுக்குக்கோடு இழுத்தால் செங்கோண முக்கோணம். பிதாகரஸ் தேற்றம் என்று பரீட்சைக்காக அவள் எத்தனையோ தடவை மனப்பாடம் செய்து எழுதிய அதே படம். புத்தகத்தில் கட்டைவிரல் அளவு இருந்தது இங்கே தரையில் வீட்டளவுக்குக் கிடந்தது. முப்பதின் வர்க்கம் தொள்ளாயிரம். நாற்பதின் வர்க்கம் ஆயிரத்து அறுநூறு. கூட்டினால் இரண்டாயிரத்து ஐந்நூறு. எதை எதால் பெருக்கினால் இரண்டாயிரத்து ஐந்நூறு? ஐம்பதை ஐம்பதால். அப்படியானால் குறுக்கே அளந்தால் ஐம்பதடி இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அவள் கூட்டாளி தங்கச்செல்வியை டேப்பின் நுனியைப் பிடிக்கச் சொன்னாள். ஒரு குறுக்கு ஐம்பதே முக்கால் அடி வந்தது. மற்றது நாற்பத்தொன்பதே கால்.

இரண்டு தடவை அளந்துவிட்டுத்தான் மேஸ்திரியிடம் போனாள். அவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார். செங்கோணம் பார்க்கும் இந்த இரண்டடி மர மூலைமட்டத்தை வைத்து நாற்பது வீடு கட்டியிருப்பதாகச் சொன்னார். அதற்குள் ஜேசிபி வந்து ரோட்டோரம் நின்றது. ஓட்டுநர் ராம்குமார் எங்கே இறக்கணும் என்று கத்தினான்.

அனுசியா சும்மா இருந்திருக்கலாம். மேஸ்திரியை எதிர்த்துப் பேசிய சித்தாளுக்கு மறுநாள் வேலை இருக்காது. ஆனாலும் அந்த ஐம்பது அவளை விடவில்லை.

"அண்ணே, நீங்க கட்டுன வீட்டையெல்லாம் நான் குறை சொல்லலை. இந்த மட்டத்தை மட்டும் ஒருக்கா பாருங்க."

அவரே மட்டத்தை ஒரு நூலோடு ஒட்டிவைத்துக் கோடு போட்டார். பிறகு திருப்பிப் போட்டு இன்னொரு கோடு. இரண்டும் சேரவில்லை. மட்டத்தின் மூலையில் அடித்திருந்த ஆணி தளர்ந்து கிடந்தது. முந்தின வாரம் லோடு இறக்கும்போது லாரியிலிருந்து அது விழுந்தது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"ரெண்டடிக் கட்டையில முக்கால் அங்குலம் சாயுது. முப்பதடிக்குப் பதினஞ்சு மடங்கு. பதினொண்ணே கால் அங்குலம் வீடு கோணும்ணே" என்றாள் அனுசியா.

மாரிச்சாமி பீடியைக் கீழே போட்டு மிதித்தார். ராம்குமாரிடம் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னார். முளைக்குச்சிகளைப் பிடுங்கி, அனுசியா சொல்லச் சொல்ல நகர்த்தி அடித்தார். கடைசியில் இரண்டு குறுக்கும் ஐம்பதில் வந்து நின்றன. நூல் பிசகவில்லை.

வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த முனீஸ்வரன், எத்தனாவது படித்திருக்கிறாய் என்று கேட்டார்.

"பத்தாவது பெயிலு சார்."

"எதுல?"

"கணக்குல."

அவர் சிரிக்கவில்லை. ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டவர் போல, "கணக்குலயா?" என்று மறுபடி கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் அவள் அன்று வீடு வந்தாள். செல்லப்பாண்டியிடம் நடந்ததைச் சொன்னாள். திரும்பவும் பரீட்சை எழுதப்போவதாகவும் சொன்னாள். அவன் எதற்கென்று கேட்கவில்லை. மறுநாள் டவுனுக்கு லோடு போனவன் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகமும், ஒரு ஜியாமெட்ரி பாக்ஸும், ஒரு கட்டு கிராப் தாளும் வாங்கிவந்து அடுப்படி மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

ஒன்பது மாதம் படித்தாள். மதியச் சாப்பாட்டு நேரம்தான் அவளுடைய வகுப்பு. ஈரமணலைப் பரப்பிவிட்டு அதில் ஆணியால் எழுதிப் பார்ப்பாள். தங்கச்செல்வி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சூத்திரங்களைக் கேட்பாள்; அவளுக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் ஒரு எழுத்து மாறினாலும் விடமாட்டாள். கூம்பின் கனஅளவு மணல் குவியலில் புரிந்தது. உருளை, தண்ணீர் டிரம்மில் புரிந்தது. எக்ஸ் மட்டும் பிடிகொடுக்காமலே இருந்தது. ஒருநாள் மேஸ்திரி செங்கல் கணக்குக் கேட்டார். சுவர் நீளம் தெரியும், உயரம் தெரியும், கல் எத்தனை என்று தெரியாது. "தெரியாததை எத்தனையோ ஒண்ணுன்னு வச்சுக்கிட்டுத்தான போட ஆரம்பிக்கிறோம்" என்று அவள் வாய் சொன்னது. சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. எத்தனையோ ஒன்று. அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இருபது வருஷமாக இதற்கா பயந்தோம் என்று அன்று முழுக்க அவளுக்குள் சிரிப்பு பொங்கிக்கொண்டிருந்தது.

தனித்தேர்வர்களுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளியில் மையம் போட்டிருந்தார்கள். அறையில் அவள்தான் மூத்தவள். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை முதலில் அவளை யாரோ ஒரு பிள்ளையின் அம்மா என்று நினைத்து வெளியே இருக்கச் சொன்னார். நுழைவுச்சீட்டைக் காட்டியதும் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஒரு கேள்வி இப்படி இருந்தது: ஒரு செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட ஏழு மீட்டர் அதிகம், மூலைவிட்டம் பதினேழு மீட்டர், பக்கங்களைக் காண்க. அனுசியா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தச் செவ்வகத்தை ஒரு மனையாக்கி மனதுக்குள் நூல் கட்டிப் பார்த்தாள். அகலம் எக்ஸ். நீளம் எக்ஸ் கூட்டல் ஏழு. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டினால் இருநூற்று எண்பத்தொன்பது. விரித்தாள், இரண்டால் வகுத்தாள், காரணிப்படுத்தினாள். எட்டு என்று ஒரு விடை வந்தது. மைனஸ் பதினைந்து என்று இன்னொன்று. மைனஸ் பதினைந்து மீட்டர் அகலத்தில் மனை எந்த ஊரிலும் கிடையாது. அதை அடித்துவிட்டு, அகலம் எட்டு, நீளம் பதினைந்து என்று எழுதி அடிக்கோடு போட்டாள். மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது. அதில் மற்ற விடைகளை முதலிலிருந்து சரிபார்த்தாள்.

ரிசல்ட் வந்த அன்று பந்தல்குடியில் ஒரு கடைக்கட்டடத்தில் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட் போடும்போது நடுவில் நிறுத்த முடியாது. அதனால் அனுசியாவின் செல்போனைத் தங்கச்செல்வி வாங்கிக்கொண்டு சாரத்தின் கீழே நின்று அவளுடைய தேர்வு எண்ணைத் தட்டினாள். பிறகு கீழேயிருந்து, மிக்சர் இரைச்சலையும் மீறி அவள் குரல் வந்தது.

"யக்கா, எழுபத்தெட்டு."

"எதுல?"

"கணக்குலதான் யக்கா. நீ பாஸு."

அனுசியா கையில் சட்டியோடு அப்படியே நின்றாள். பின்னால் வரிசையில் வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். கான்கிரீட்டை நிறுத்தியதற்கு மேஸ்திரி யாரையும் திட்டவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு நிமிர்ந்து, ரோட்டில் போகிற லாரிகளெல்லாம் தனக்காகத்தான் ஹாரன் அடிக்கின்றன என்று தோன்றியது. மறுபடி நடந்து சட்டியைக் கொட்டினாள். தளம் சாயங்காலம் நான்கு மணிக்கு முடிந்தது.

அடுத்த மாதம் பரளச்சி ரோட்டில் ஒரு புது மனை. சொந்தக்காரர் சாப்ட்வேர் கம்பெனியில் இருப்பவர். பிளானைச் செல்போனிலேயே கொண்டுவந்திருந்தார். படிக்கட்டு எந்த மூலையில் வரும், எத்தனை படி வரும் என்று மாரிச்சாமியிடம் கேட்டார். மாரிச்சாமி ஒதுங்கி நின்றுகொண்டு கையைக் காட்டினார்.

"அளவெல்லாம் இவுகதான் சார். இவுகட்ட கேளுங்க."

அனுசியா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தச் செல்போனை வாங்கிப் பார்த்தாள். "பத்தடி உயரம், படிக்கு ஆறு அங்குலம். இருபது படி சார்" என்றாள்.