டயருக்கு வைத்த பொட்டு

இதை எழுதலாமா என்று யோசிக்க ஆரம்பித்தபோது என் பேத்தி பிறந்திருக்கவில்லை. இப்போது அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். இத்தனை வருஷம் தள்ளிப் போட்டதற்குக் காரணம் பயம்தான். நான் எட்டாவது வரை படித்தவள். தப்பும் தவறுமாக எழுதுவேனே என்ற பயம் இல்லை. நினைத்தாலே வலது கை மோதிர விரல் கூசுகிறது, அந்தப் பயம். ஆனால் சொந்தக்காரர்கள் வாயில் இது வேறு ஏதோவாக ஆகிக்கொண்டு வருவதால், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம். மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து ஹைதராபாத் வந்தவர். செகந்திராபாத்தில் இருக்கிறோம். மகளை மாதாப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மகள் உண்டானதும் இவர் ஒரு பழைய கார் வாங்கினார்.

"வளைகாப்பு முடிஞ்சு எம் பொண்ண எங்கார்லதான் கூட்டிட்டு வருவேன். வாடகை வண்டியில கொண்டு வந்தான்னு ஒருத்தன் சொல்லப்பிடாது" என்றார். சம்பந்தி வீட்டில் எல்லோரும் கார் வைத்திருப்பவர்கள்.

கார் நன்றாகத்தான் இருந்தது. டயர்கள்தான் மொட்டை. ஒரு நாள் மழையில், சிக்னலில் பிரேக் போட்ட பிறகும் வண்டி வழுக்கிக்கொண்டே போய் ஓர் ஆட்டோவின் முதுகுக்குச் சாண் தூரத்தில் நின்றது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "க்யா அங்கிள், கோத் மே பைட்தே க்யா?" என்றார். மடியில் உட்காரப் போகிறீரா என்று அர்த்தம். இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியை இதில் எப்படி ஏற்றுவது என்ற நினைப்பு அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டது. டயர் மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று நச்சரித்தேன். புடவை, வளையல், வரிசைத் தட்டு என்று செலவு ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில், டயர் கடைக்குப் போனது வளைகாப்புக்கு முந்தின நாள் சாயங்காலம்தான்.

"மழையிலயும் வழுக்கப்பிடாது, மே மாச வெயில்லயும் தாங்கணும். அப்படி எது இருக்குன்னு கேளுங்க" என்றேன்.

"டயருக்கு ஜாதகம் பாக்க வந்திருக்கா" என்று இவர் கடைக்காரரிடம் ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. ஒரு புது டயரை உருட்டி வந்து அதன் பள்ளங்களில் விரலை ஓட்டிக் காட்டினார். மழைத் தண்ணீர் இந்த வழியாக வெளியே போகும், அப்போதுதான் வண்டி ரோட்டைப் பிடிக்கும் என்றார். பெரிய கம்பெனி விலையைக் கேட்டு இவர் தலையைச் சொறிந்தார். கடைக்காரர் அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் புது டயரைக் காட்டினார். அதுவும் எங்கள் கைக்கு எட்டவில்லை. அப்போதுதான் மூலையில் அடுக்கியிருந்த பழைய டயர்களை இவர் பார்த்தார். கறுப்புப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தன.

"ஃபேமிலி காடி ஹை சாப், நயா லேலோ" என்றார் கடைக்காரர். குடும்ப வண்டி, புதுசே வாங்குங்கள் என்று அவர் சொல்லத்தான் செய்தார்.

"பட்டன் தேயவே இல்லையே, பாரு" என்று இவர் என்னிடம் காட்டினார். பட்டன் என்று இவர் சொன்ன மேடும் பள்ளமும் தெளிவாகத்தான் இருந்தன. நாங்கள் மேலே மட்டும்தான் பார்த்தோம். நாலு டயரும் மாட்டி வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் ஆவணி வெள்ளிக்கிழமை. பொழுது விடிந்ததும் காரைக் கழுவி, சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம் வைத்து, ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் சந்தனம் தொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். முன்பக்கம் இடது டயரில் சந்தனம் தொட்ட மோதிர விரல் ஏதோ ஒன்றின் மேல் ஏறி இறங்கியது. மறுபடி தடவினேன். பல்வலி வந்த பிள்ளையின் கன்னம் மாதிரி ஒரு வீக்கம். கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது.

"என்னங்க, இங்க வீங்கியிருக்கு."

"உனக்குத் தொட்டதெல்லாம் வீக்கம். நேரமாச்சு, ஏறுட்டி."

"கடைக்குப் போயிட்டுப் போவமே."

"வெள்ளிக்கிழமை அந்தக் கட லீவு. ஸ்டெப்னியும் மொட்ட. நாளைக்குக் காட்டுவோம்."

தாயே, நீதான் துணை என்று ஏறினேன். மாதாப்பூர் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு குழியிலும் மெதுவா, மெதுவா என்றேன். மடியில் வளையல் பெட்டி குலுங்கியது.

அங்கே வந்தவர்கள் எல்லாரும் மகளுக்கு வளையல் போட்டார்கள், சந்தனம் பூசினார்கள். என் கண் அவள் கன்னத்தில் இருந்த சந்தனத்தைப் பார்த்தது, மனசு கீழே நின்ற காரின் சந்தனத்தைப் பார்த்தது. ஒரு தட்டை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி இறங்கிப் போய்ப் பார்த்தேன். நான் வைத்த பொட்டு நடுவில் பிளந்திருந்தது. காய்ந்து பிளந்ததோ, வீங்கிப் பிளந்ததோ, எனக்குத் தெரியாது. அதற்குள் மழை தூற ஆரம்பித்திருந்தது.

நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்ப வேண்டும் என்று எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ராஜா மாதிரி கார்க் கதவைத் திறந்து பிடித்தார். மகள் குனிந்தாள்.

"ஏறாத!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"டயர் வீங்கியிருக்கு. நீ மாப்பிள்ள கூட வேற வண்டியில வா."

"கார் வாசல்ல நிக்கும்போது வாடகைக் காரா? ஊர் கண்ணு பட்டுடும்னு பயமா, சம்பந்தி?" என்று சம்பந்தி அம்மாள் சிரித்தார்.

"அம்மா, டென்ஷன் நக்கோ, பயப்படாத. அப்பா மெதுவாதான ஓட்டுவாங்க" என்றாள் மகள்.

இவர் என் காதருகே வந்து, "அசிங்கப்படுத்தாதட்டி" என்றார். அந்தக் குரலை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மாப்பிள்ளை மழையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் விரலால் அந்த இடத்தைத் தடவினார். எழுந்து போனை எடுத்தார். "நான் வேற வண்டி வரச் சொல்றேன் அத்தை."

வண்டி வந்து மகளும் மாப்பிள்ளையும் ஏறிப் போனார்கள். "நீயும் அதுலயே போயிருக்கலாமே" என்றார் இவர். ஆபத்து என்று நானே சொன்ன வண்டியில் இவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

காலையில் இடுப்பில் செருகி வந்த அம்மன் கோயில் குங்குமப் பொட்டலம் என் கைக்குள் நனைந்து போயிருந்தது. பேகம்பேட்டில் மேம்பாலம் இறங்கும்போது மழை கொட்டியது. டப்பென்று ஒரு சத்தம். கார் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. இவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். பின்னால் பஸ் ஹாரன் அலறியது. தாயே என்று கத்தினேனா, கத்துவதாக நினைத்தேனா தெரியாது. ஓரக் கல்லில் முட்டி வண்டி நின்றது. எங்கள் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இவர் கை ஸ்டீயரிங்கை விடவில்லை. முதலில் பேசியது இதுதான்: "புள்ள போன வண்டி எங்க இருக்குன்னு கேளு."

போன் போட்டேன். "நாங்க வந்து சேந்துட்டோம்மா. வீட்டுச் சாவி எங்க?" என்றாள் மகள். எதிர்வீட்டில் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு அழுதேன். இவர் இறங்கிப் போய், மழையில் அந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பொட்டு வைத்த இடத்தில் கிழிந்து தொங்கியது.

சனிக்கிழமை இவரே கடைக்குப் போய், அந்தப் பேர் தெரியாத கம்பெனியின் புது டயர் நாலும் தவணையில் வாங்கி வந்தார். மழை, வெயில் இரண்டிலும் வண்டி ஒழுங்காக ஓடியது. இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் நான் சந்தனக் கிண்ணத்தோடு வருவதற்கு முன்னால் இவர் நாலு டயரையும் சுற்றித் தடவி முடித்திருப்பார். எனக்குப் பயம் மட்டும் போகவில்லை. பேத்தி அந்தக் காரில் ஏறும்போதெல்லாம் விரல் கூசும்.

சொந்தத்தில் ஒருத்தர், அம்மன் என் கனவில் வந்து சொன்னாள் என்கிறார். இன்னொருத்தர், எலுமிச்சம்பழம் தானாக வெடித்தது என்கிறார். என் வீட்டுக்காரரைக் கஞ்சன் என்றும் சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள். கனவும் இல்லை, பழமும் வெடிக்கவில்லை. மகளின் வரிசைத் தட்டில் ஒரு குறை வைக்காதவர் இவர். என் விரலை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது யார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் மனசு. ஆனால் இதை இன்னொருவருக்குச் சொன்னால் விரல், சந்தனம், வீக்கம் என்று உள்ளபடியே சொல்லுங்கள். ஒரு வார்த்தை கூட்டினாலும் கேட்கிறவர்கள் இதைக் கதை என்று எடுத்துக்கொண்டு, டயரைத் தொட்டுப் பார்க்காமலே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.